தேவானை பொறுக்கிய எலும்புகள்

சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லா வீட்டு அலமாரியிலும் சாமி படமும் ஊதுபத்தியும் இருக்கும். தேவானை வீட்டு அலமாரியில் எலும்பு இருந்தது. இனிப்புக் கடை அட்டைப் பெட்டியில் பஞ்சு பரப்பி, அதன்மேல் பழுப்பும் கறுப்புமாகச் சில துண்டுகளை அடுக்கியிருந்தாள். விரல் நீளத் துண்டும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் பெரியதும் இருந்தது. ஒவ்வொன்றின் ஒரு முனையும் சாய்வாகச் சீவினாற்போலக் கூராக முடிந்தது.

"வூட்ல எலும்ப வெச்சிக்கினு உனக்கு சோறு எப்டிதான் எறங்குதோ" என்று எதிர்வீட்டுப் புஷ்பம் வாரம் ஒருமுறையாவது கேட்பாள். "கெட்டது ஆவும்டி. போன மாசம் எம்புள்ளைக்கு சொரம் வந்துச்சே, இன்னாத்துக்கு?"

"சாக்கடத் தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சே, அத்தால" என்பாள் தேவானை. "உம்புள்ள ஒடம்புலயே இருநூறு எலும்பு கீது. அத்த எங்க கொண்டுபோய் போடப் போற?"

எட்டாம் வகுப்போடு தேவானையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். படிப்பை அவள் நிறுத்தவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து எடுத்து, உறை போட்டு அடுக்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய்விடுவாள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் போக யாரும் அவளைச் சாதி கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. குளிர்ந்த காற்றும் உட்கார நாற்காலியும் கேட்ட புத்தகமும் கிடைத்தன. ஒரு நாடு தன் மக்களுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை இவ்வளவுதான். அதைக் கொடுக்கும் இடங்கள்தான் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன.

பொறுக்கும் பழக்கம் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் தொற்றியது. ஆறு வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, தன் பாத்திரம் ஏதாவது அகப்படுமா என்று சேற்றைத் துழாவினாள். அகப்பட்டது ஒரு பானை ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. நூலகத்தில் ஒரு தொல்லியல் புத்தகத்தைப் புரட்டியபோது அதே மாதிரி ஓட்டின் படத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு ஆற்றைத் தூர்வார இயந்திரம் வரும்போதெல்லாம், கரையில் கொட்டி வைத்த சேற்று மேட்டைச் சுற்றித் தேவானை இருப்பாள். எங்கேயும் தோண்டமாட்டாள். தோண்டிப் போட்டதில் பொறுக்குவதோடு சரி. தெரு அவளுக்கு மியூசியம் என்று பேர் வைத்தது. "இன்னா மியூசியம், இன்னிக்கு ராஜா கிரீடம் எதுனா மாட்டுச்சா?" என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். "மாட்டுச்சு. உன் தலைக்கு பெருசா கீதுன்னு உட்டுட்டேன்" என்பாள்.

எலும்புகள் போன கோடையில்தான் வந்தன. முதல் துண்டைக் கழுவியதுமே அதை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினாள். முற்காலத்து மனிதர்கள் விலங்கின் கால் எலும்பைப் பிளந்து, கல்லில் தேய்த்துக் கூராக்கி, தோலைத் துளைக்கவும் தைக்கவும் வைத்திருந்தார்கள் என்று அவள் படித்திருந்தாள். படமும் பார்த்திருந்தாள். கையில் இருந்தது அந்தப் படம் மாதிரியே இருந்தது. அடுத்தடுத்து இன்னும் சில கிடைத்தன. பெட்டி நிறைந்தது. சந்தோஷத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டாள்.

பொன்னுரங்கம் தெருச் சங்கத்தின் தலைவர். விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து, மூன்று சக்கர வண்டியில் மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் விற்பவர். குரல் பெரிது. நம்பிக்கை அதைவிடப் பெரிது. அந்த வாரம்தான் தெருவைக் காலி செய்வது பற்றி நோட்டீஸ் வந்திருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு பாதித் தெருவை ஏற்கெனவே ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியாயிற்று. மீதிப் பேரும் ஆற்றங்கரையை ஆக்கிரமித்தவர்களாம், அவர்களும் போக வேண்டுமாம். அதற்கு முன் ஒரு நாள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். இதே ஆற்றின் ஓரத்தில் பன்னிரண்டு மாடி, பதினாறு மாடி என்று எழுந்து நிற்கும் வீடுகளைப் பார்த்து, நீ எப்போது வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி தகரக் கூரைக்கு மட்டும்தான்.

"மெய்யாலுமா பழசா?" என்றார் பொன்னுரங்கம்.

"பழைய காலத்து ஆயுதமா இருக்கும்னு நெனைக்கிறேண்ணா."

"எவ்ளோ பழசு?"

"புக்குல மூவாயிரம் வருசம்னுலாம் போட்டிருக்கு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. மறுநாள் காலையில் தெரு முழுக்க அது மூவாயிரம் வருடத்து ஆயுதம். மாலைக்குள் அதைச் செய்தவர்கள் அந்தத் தெருக்காரர்களின் முப்பாட்டன்கள். சங்கத்தின் சார்பாகக் கொடுத்த மனுவிலும் அது ஏறிவிட்டது. "நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்லர், மூவாயிரம் ஆண்டுகளாக இக்கரையில் வாழ்பவர்கள், ஆதாரம் உள்ளது." கூட்டத்தில் தேவானை பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுந்து ஒரே மாதிரி அதைச் சொல்ல வேண்டும் என்று மாலையானால் மீன் வண்டியைச் சுற்றி ஒத்திகை வேறு நடந்தது. ஒத்திகைக்குப் புஷ்பமும் வந்தாள். எலும்பு இப்போது கெட்டது செய்வதை விட்டிருந்தது.

தேவானை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. அவளுக்கே அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனாலும் நாலு பேர் முன்னால் சொல்லப்போகிற விஷயத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். பழைய எலும்புகளை ஆராய்கிறவர் ஷண்முகப்ரியா. முன்பு ஒரு முறை நூலகத்தில் பேச வந்திருந்தார். அன்றைக்குக் கேள்வி கேட்ட ஒரே ஆள் தேவானை என்பதால் எண்ணைக் கொடுத்திருந்தார். தேவானை கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள்.

அரைமணியில் ஷண்முகப்ரியாவே கூப்பிட்டார். "படத்துல நல்லாத்தான் இருக்கு. படத்த வச்சு நான் எதுவும் சொல்லமாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நூலகத்துக்குக் கொண்டு வாங்க. அதுக்குள்ள நீங்க ஒண்ணு செய்யுங்க. இது கருவின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, மனுஷன் கருவியா செய்யாமலே இது இப்படி ஆகியிருக்குமான்னு பாருங்க. நாய் கடிச்சிருக்கலாம், ஆறு உருட்டியிருக்கலாம். எல்லாரையும் சந்தேகப்படணும். நம்மளையும் சேர்த்து."

தேவானை சந்தேகப்பட ஆரம்பித்தாள். பல் டாக்டர் கழித்துப் போட்ட பூதக்கண்ணாடி ஒன்று அவளிடம் இருந்தது. நாயின் பல் பட்டால் குழி விழும், முனை கந்தலாகும். அப்படி எதுவும் தெரியவில்லை. ஆறு தேய்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயும். இதில் சீவின பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. நாயும் இல்லை, ஆறும் இல்லை என்று தெரிந்ததும் மனசுக்குள் ஒரு குதிப்பு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கால் குழம்பு. கல்லூரியில் படிக்கும் மகள் கயல் நல்லி எலும்பை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினாள். உள்ளே இருந்தது முழுதும் வராததால் தட்டில் இரண்டு தட்டு தட்டினாள், மறுபடி உறிஞ்சினாள், எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

தேவானை கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அதையே பார்த்தாள். தட்டின் ஓரத்தில் இருந்தது அவள் பெட்டியில் இருந்ததேதான். சாய்வான முனையும் அந்தக் கூரும் அப்படியே. நிறம் மட்டும்தான் வெள்ளை.

"இன்னாம்மா?" என்றாள் கயல்.

"ஒண்ணுமில்ல. துன்னு. எலும்ப மட்டும் தூக்கிப் போடாத."

சாயங்காலமே மார்க்கெட்டுக்குப் போனாள். கறிக்கடை காதர் கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"நல்லிய ஏன் பாய் சாய்ச்சி வெட்டுற?"

"இதக் கேக்கவாக்கா இவ்ளோ தூரம் வந்த?" காதர் சிரித்தார். "நேரா வெட்டுனா வாய் வெச்சி உறிய வராது. சாய்ச்சி ஒரே போடு போட்டா வாயி அகலமா கெடைக்கும், கொழுப்பு சர்ருனு எறங்கும். இந்த மார்க்கெட்ல எல்லாருமே அப்டித்தான் போடுவோம். எங்க நைனா காலத்துலருந்தே அப்டித்தான். வேற மாரி போட்டா சைதாப்பேட்டக்காரன் சண்டைக்கு வருவான்."

"வெட்டிக் காட்டு."

காதர் ஒரு காலை மரக்கட்டையில் வைத்து ஒரு போடு போட்டார். கத்தி இறங்கிய வழி மழமழவென்று இருந்தது. கடைசியில் கத்தி எட்டாத இடத்தில் ஒரு சில்லு பிய்ந்து நின்றது. அந்தச் சில்லு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சில்லு. பெட்டியில் கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் அது இருந்தது. பழங்கால மனிதன் கூர் தீட்டிய இடம் என்று அதைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தாள். கயலின் தட்டில் இருந்த எலும்பையும் காதர் வெட்டிய எலும்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினாள். நல்லி. நல்லி. இதுவும் நல்லி. யாரோ தின்றுவிட்டு ஆற்றில் எறிந்த நல்லியை இந்த ஊரில் ஒருத்தி மூவாயிரம் வருடம் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பால் வந்த நீர் மட்டும்தானா என்று கயலுக்குச் சந்தேகமாக இருந்தது.

நினைத்ததற்கு மாறாக ஒன்று கிடைத்தால் அதைக் கண்ணில் படாத இடத்தில் ஒதுக்கி வைப்பதுதான் மனித வழக்கம். பெரிய படிப்புப் படித்தவர்கள் அதைப் பெரிய வார்த்தைகளால் மூடுவார்கள், பக்திமான்கள் பூவால் மூடுவார்கள். தேவானை தனக்கு எதிரான சாட்சியைத் தானே மார்க்கெட்டுக்குப் போய்த் தேடிக் கூட்டி வந்தாள். அவளைப் பற்றி எழுதத் தோன்றியதே அதனால்தான்.

தள்ளித் தள்ளி வந்ததில் ஒரு துண்டு மிஞ்சியது. ஆட்டெலும்பைவிடத் தடித்தது. அதில் சில்லு இல்லை, கத்தி இறங்கிய தடமும் இல்லை. முனையை நோக்கி நெடுக மெல்லிய கீறல்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. பல் சுத்தம் செய்யும் ஊசி தேய்மானத்தில் மழுங்குவதைத் தினமும் பார்க்கிறவள் அவள். இந்த முனையும் அப்படி மழுங்கிப் பளபளத்தது. முனை மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு நூலகத்துக்கு வெளியே மரத்தடிச் சுவரில் உட்கார்ந்து ஷண்முகப்ரியா எல்லாவற்றையும் பார்த்தார். தள்ளிய துண்டுகளைத் தேவானை காரணத்தோடு தள்ளியது சரிதான் என்றார். மிஞ்சிய துண்டைத் தன்னுடைய கண்ணாடியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கருவியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு அக்கா. சுரண்டித் தேய்ச்சுக் கூராக்கியிருக்காங்க, எதையோ துளைக்கப் பயன்படுத்தியிருக்காங்க. ஆனா வயசு சொல்ல முடியாது."

"மூவாயிரம் இருக்காதா?"

"இருக்கலாம். முந்நூறாவும் இருக்கலாம், முப்பதாவும் இருக்கலாம். எந்த மண் அடுக்குல கிடந்ததுன்னு தெரிஞ்சா கூட வந்த பொருள வச்சு ஓரளவு சொல்லலாம். மிஷின் எல்லாத்தையும் கலக்கிடுச்சு. ஆறு எங்கேர்ந்து கொண்டுவந்துச்சுன்னும் தெரியாது. நான் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்கறேன், மாசக்கணக்காகும். பதில் வராமலே போகவும் செய்யலாம்."

"வியாழக்கெழம கூட்டம் மேடம்."

ஷண்முகப்ரியா அந்தத் துண்டைப் பஞ்சில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். "என் பேரச் சொல்லுங்க. நான் சொன்னத மட்டும் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வரும்போது தேவானைக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. பெட்டியைத் திறந்து காட்டி, "இதுல ஒண்ணு பழைய ஆயுதமா இருக்கலாம்னு ஆராய்ச்சி மேடமே சொல்லி எடுத்துக்கினு போயிருக்காங்க" என்றால் போதும். பொய் ஒரு சொல்கூட இருக்காது. மீதியைக் கேட்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். தெரு தப்பிக்கலாம். அவள் வீடும்தான்.

புதன்கிழமை மாலை பொன்னுரங்கத்தின் வண்டியருகே போய்ச் சொன்னாள். அவர் தராசுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்லியா?" என்றார். "டபாய்க்காத தேவானை."

"மெய்யாலுந்தாண்ணா. ஒண்ணு மட்டும் ஆயுதம் மாரி கீது. எவ்ளோ பழசுன்னு தெரியாது."

"சரி, அந்த ஒண்ண வெச்சிப் பேசலாம். வர்றவனுக்கு எலும்பத் தெரியுமா? உனக்கு நல்லின்னு எழுதி ஒட்டியா கீது அதுல? பெட்டிய மட்டும் வெய்யி. பேசறத நான் பேசிக்கிறேன்."

"நாளைக்கு எவனாச்சும் ஒர்த்தன் இத்தப் பாத்துட்டு இது மட்டன் கடை நல்லின்னு சொல்லிட்டா? அப்பறம் நாம எத்தச் சொன்னாலும் நல்லிதான். பெரும்பாக்கத்துலருந்து ஸ்கூலுக்கு வரமுடியாம படிப்ப உட்டாங்களே, நம்ம பசங்க, அதுவும் நல்லிதான்."

"அந்தக் கதயெல்லாம் சொல்லி சொல்லி வாய் வலிக்குது. எவன் காதுல வாங்குனான்? மூவாயிரம் வருசம்னா பேப்பர்காரன் வருவான், டிவிக்காரன் வருவான். நீ பெருசா நாயம் பேசிக்கினு கீற."

"மூவாயிரம் வருசம் இருந்தாதான் மனுசனாண்ணா? நாப்பது வருசம் இருந்தா வெரட்டலாமா?"

அவர் தராசைத் துணியில் சுற்றி வண்டிக்குள் போட்டார். "நாளைக்கு தெருவே உன்ன நம்பி வருது. அத்த மட்டும் நெனச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் சைதாப்பேட்டையில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேடையில் ஓர் அதிகாரி, அவருக்கு இரண்டு பக்கமும் உதவியாளர்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்புகிற முகம். மனுவை எடுத்தார். மூவாயிரம் ஆண்டு என்ற வரியை உரக்கப் படித்தார். உதவியாளர் ஒருவர் சிரிப்பை அடக்க மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஆதாரம் யாரிடம் இருக்கிறது?"

தெரு முழுக்கத் தேவானையைத் திரும்பிப் பார்த்தது. அவள் பெட்டியோடு முன்னால் போனாள். மேசைமேல் துண்டுகளை வரிசையாக வைத்தாள். வெள்ளை நல்லி ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள்.

"சார், மனுவுல போட்டது தப்பு. நாந்தான் மொதல்ல தப்பாச் சொன்னேன். இது எல்லாம் ஆட்டு நல்லி. மார்க்கெட்ல வெட்டுனது. தோ, இந்த வெள்ளை போன வாரத்து நல்லி. வெட்டு ஒண்ணுதான், பாருங்க. ஒரே ஒரு துண்டு பழைய காலத்து ஆயுதமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ற ஷண்முகப்ரியா மேடம் சொன்னாங்க. வயசு தெரியாதுன்னும் சொன்னாங்க. அது அவங்ககிட்ட கீது."

பின்வரிசையில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். பொன்னுரங்கம் சட்டென்று எழுந்தார். "அப்போ சார், இவ்ளோ நல்லி கெடக்குதுன்னா இன்னா அர்த்தம்? எங்க தெரு எத்தினி வருசமா இங்க துன்னுக்கினு கீது? இதுவே ஆதாரம்தான?"

கூடத்தில் ஒரு கலகலப்பு. அதிகாரிகூட நிமிர்ந்தார். தேவானை திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"இல்லண்ணா" என்றாள். "ஆறு எங்கருந்துனா இட்டாந்திருக்கும். இது நம்ம துன்ன நல்லின்னும் சொல்ல முடியாது."

பொன்னுரங்கம் உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் எதை வைத்து நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். இந்த முறை கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

"ஆத்துல கெடச்சத வெச்சி ஒண்ணும் கேக்கல சார். நான் மேற்கு மாம்பலத்துல ஒரு பல் ஆஸ்பத்திரில வேலை பாக்கறேன். நடந்து போற தூரம். எம்பொண்ணு காலேஜி இங்கருந்து ஒரே ட்ரெயின். பெரும்பாக்கம் போன எங்க தெருப் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு வேலை பூடுச்சு. நீங்க விசாரிக்கலாம், பேரு தர்றேன். தெரியாதத தெரியாதுன்னுதான சார் சொன்னேன். தெரிஞ்சத சொல்றப்போ எழுதிக்கோங்க."

அவள் எலும்புகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். ஒத்திகை பார்த்த வசனம் எல்லாருக்கும் போய்விட்டது. சொல்ல வேறு எதையும் அவர்கள் தயார் செய்து வரவில்லை.

முதலில் எழுந்தது புஷ்பம். அவள் மூன்று வீட்டில் சமைக்கிறாள். பிள்ளைக்கு மூச்சிரைப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள், எத்தனை நிமிடத்தில் ஓடுகிறாள் என்று சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஒரு தையற்காரர். ஒருவர் சொன்னதுபோல் மற்றவர் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் இடையில் புகுந்து திருத்தினார். ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிப் போயிற்று. அதிகாரி உதவியாளரைப் பார்த்து இன்னொரு கட்டு தாள் வாங்கிவரச் சொன்னார். இதையெல்லாம் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று தன் குறிப்பில் எழுதுவதாகவும், மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். தெரு கேட்ட முதல் நேர்மையான அரசாங்கப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாகப் பொன்னுரங்கம் எழுந்தார். தேவானை பக்கம் திரும்பவில்லை.

"நான் மீன் விக்கிறேன் சார். காசிமேட்டுலருந்து எடுத்துக்கினு வந்து ஏழு மணிக்குள்ள மாம்பலத்துல நிக்கணும். பெரும்பாக்கம் போயி சுத்திக்கினு வந்தா மீனு எனக்காகக் காத்துக்கினு இருக்காது."

"எவ்வளவு வருடமாக விற்கிறீர்கள்?"

பொன்னுரங்கம் ஏதோ ஒரு பெரிய எண்ணைச் சொல்லப்போனார். நிறுத்தினார். விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"சரியாத் தெரில சார்" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து விக்கிறேன். வூட்ல கேட்டுட்டு வந்து கரீட்டா சொல்றேன்."